ஆமெனுக்கு முன்

சிவப்பாகத்தான் இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் சிவப்பாக இருந்தது, அதற்குள் எங்கள் போதகர் ஐயர் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார், பந்தலுக்குள் உட்கார்ந்திருக்கிற சனம் அத்தனையும் கண்ணை மூடிவிட்டது, நான் ஒருத்திதான் முழித்துக்கொண்டு நிற்கிறேன். ஜெப நேரத்தில் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறவளை யாராவது பார்க்க வேண்டுமென்றால் அவர்களும் திறந்திருக்க வேண்டுமே என்று தைரியம் சொல்லிக்கொள்கிறேன். மூடினால் அந்தச் சிவப்புதான் வருகிறது. எங்கள் வேதக்கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையின் கடைசி நாள் இன்று, அசனம். ஊர் முழுக்கவும், சாதி மதம் பார்க்காமல் அக்கம்பக்கத்து ஊர்ச் சனமும் வந்து, ஒரே பந்தலில் மணலில் உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு. எல்லாரும் கைநனைக்க வேண்டும் என்பதால் எங்கள் அசனத்தில் கறி கிடையாது, சோறும் சாம்பாரும்தான். சோறு எல்லா இலையிலும் விழுந்துவிட்டது, ஆவி பறக்கிறது. சாம்பாரை மட்டும் ஆமென் சொன்ன பிறகுதான் ஊற்றுவோம், முன்னாலேயே ஊற்றினால் பிள்ளைகள் ஜெபம் முடிகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டா இருக்கும். வாளிக்காரர்கள் வரிசைக்கு வரிசை வாளியோடு நிற்கிறார்கள், அவர்களும் கண்ணை மூடியிருக்கிறார்கள், ஒருத்தன் வாளி சாய்ந்து சாம்பார் மணலில் சொட்டுகிறது. சொட்டட்டும். அத்தனையும் அப்படியே சொட்டித் தீர்ந்துபோனால் எவ்வளவு நன்றாக இருக்கும். வாளிகளில் மோந்து ஊற்றியபோதுதான் கிடாரத்தில் சாம்பார் இறங்கி உள்சுவர் தெரிந்தது. செம்புக் கிடாரம், வருஷத்துக்கு ஒரு தடவை அசனத்துக்கு மட்டும் வெளியே வருவது. உள்ளே ஈயம் பூசியிருந்தால் மங்கலாக, வெள்ளையாகத் தெரியும். இது உரித்துப் போட்ட மாதிரி சிவந்து கிடந்தது, விளிம்புக்குக் கீழே பாசி பிடித்ததுபோலப் பச்சையாக ஒரு கோடு. மிளகாய்ப்பொடியாக இருக்கும், மல்லித்தழை ஒட்டியிருக்கும் என்று மனசு சொல்லிப் பார்த்தது. மல்லித்தழை கோடு போட்டுக்கொண்டா ஒட்டும். அது களிம்பு, வெறும் செம்பில் புளி கொதித்தால் இறங்குகிற விஷம்.

பாத்திரம் என் பொறுப்பு. என் பொறுப்பு மட்டுமா, அருமைநாயகம் அண்ணாச்சிக்கும்தான் பொறுப்பு. எங்கள் சபையில் ஒரு வேலைக்கு ஒரு ஆள் போட மாட்டார்கள், ரெண்டு பேர், வடக்குத் தெருவில் ஒருத்தர், தெற்குத் தெருவில் ஒருத்தர். என்றைக்கோ ஒரு அசனத்தில் அகப்பையை யார் பிடிப்பது என்று ரெண்டு தெருவும் அடித்துக்கொண்டு, மண்டை உடைந்து, போலீஸ் வந்து, சோறு கிடந்து நாறிப்போன பிறகு போட்ட ஒழுங்கு. விறகுக்கு ரெண்டு பேர், தண்ணீருக்கு ரெண்டு பேர், இலைக்கு ரெண்டு பேர். ஒருத்தர் விட்டதை மற்றவர் பிடித்துக்கொள்வார் என்று நினைப்பு. அடுத்தவர் வேலையில் மூக்கை நுழைக்கக் கூடாது என்பதும் அந்த ஒழுங்கிலேயே உண்டு, அதனால் அடுப்புக்காரர் பாத்திரத்தைப் பற்றிப் பேச மாட்டார், தண்ணீர்க்காரர் விறகைப் பற்றிப் பேச மாட்டார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. அந்த ரெண்டு பேரும் ஒருத்தரோடொருத்தர் பேச வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். போன கமிட்டித் தேர்தலுக்குப் பிறகு வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் கோயில் வாசலில் ஸ்தோத்திரம் சொல்லிக்கொள்வதுகூட இல்லை. நானும் அண்ணாச்சியும் ஒரே கிடாரத்துக்குப் பொறுப்பு, எதிரும் புதிருமாக நடந்து போனால் ஆளுக்கொரு பனைமரத்தைப் பார்த்துக்கொள்வோம். போன வருஷம் நான்தான் டவுனுக்குச் சொல்லிவிட்டு ஈயம் பூசவைத்தேன். இந்த வருஷம் அவர் முறை. முறை என்று யார் சொன்னது? நானே சொல்லிக்கொண்டது. போன வருஷம் செய்தவள் இந்த வருஷமும் செய்வாள் என்று அவர் அங்கே நினைத்துக்கொண்டிருந்திருப்பார். காலையில் நான் வந்து சேர்ந்தபோது கிடாரம் அடுப்பில் ஏறியிருந்தது, வெளிப்பக்கம் பளபளவென்று. புளியும் சாம்பலும் போட்டு வாலிபர் சங்கத்தார் விளக்கிய பளபளப்பு அது, உள்ளே மிச்சமிருந்த பழைய ஈயமும் அந்தத் தேய்ப்பில் போயிருக்கும், இப்போது தெரிகிறது. அப்போது, பரவாயில்லையே, அண்ணாச்சி காரியமாகத்தான் முடித்திருக்கிறார் என்று நினைத்தேன், கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேனா? பார்த்தேன். பருப்பு வெந்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அண்ணாச்சி, ஈயம் பூசியாச்சா என்று. என்ன குறைந்துபோயிருக்கும். ஆனால் கேட்டால் அவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகும், வடக்குத் தெருக்காரி நம்மைச் சோதனை போடுகிறாள் என்று கமிட்டியில் பேச்சை எடுப்பார்கள், எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன். மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டேன். அந்த மரியாதைதான் இப்போது வாளி வாளியாக நிற்கிறது.

இல்லை, எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன், நிச்சயமாகத் தெரியாது. பந்தல் சிவப்புத் துணி, அதன் நிழல் விழுந்திருக்கலாம். எனக்குக் கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் நாக்குக்குப் புரை கிடையாதே. நாக்கில் வைத்தேன். கர்த்தரே, வைத்தேன். அசனச் சாப்பாட்டை ஜெபத்துக்கு முன்னால் ஒருத்தரும் நாக்கில் வைக்கக் கூடாது, முதல் பங்கு கர்த்தருக்கு என்பது வழக்கம். அடுப்புக்காரர்கள் உப்பைக்கூட ஆவியை முகர்ந்துதான் சொல்வார்கள், அதில் பெருமை வேறு. யாராவது ஒருத்தர் ருசி பார்த்திருந்தால் காலையிலேயே தெரிந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை, பயபக்தியாகக் கிண்டினார்கள். நான் மட்டும், காலி வாளியை ஓரமாக நகர்த்துகிற சாக்கில், அகப்பைக் காம்பில் வழிந்ததை விரலால் தொட்டு வாயில் வைத்தேன். முதலில் புளி தெரிந்தது, பிறகு காயம், நல்ல ருசி என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அப்புறம் பல்லுக்கடியில் கூசியது. செப்புக்காசை வாயில் போட்டு அடக்கியதுபோல ஒரு கசப்பு, எச்சிலாக ஊறுகிறது, விழுங்கினாலும் போக மாட்டேன் என்கிறது. இந்தக் கசப்பு எனக்குத் தெரியும். போர்டிங்கில் படித்தபோது ஒரு பண்டிகைக்குப் புளிச்சோறு கிண்டினார்கள், பெரிய செம்புப் பானையில், முக்கால்வாசிப் பேர் ரெண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். மத்தியானத்துக்கு மேல் ஒவ்வொருத்தியாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கொஞ்சமாகச் சாப்பிட்டேன், புளி எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, அதனால் வாந்தியோடு போயிற்று. எனக்கு அடுத்த பாயில் படுக்கிற சலோமி ரெண்டு பங்கு சாப்பிட்டாள், என் பங்கையும் சேர்த்து. அவள் வாந்தி பச்சையாக இருந்தது. உதடு வெளுத்து, கண் உள்ளே போய், தண்ணீர் தண்ணீர் என்றாள், கொடுத்தால் அதுவும் வெளியே வந்தது. ஜீப்பில் தூக்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணினோம். கொஞ்ச நாள் கழித்து அவள் அப்பா வந்து டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார், யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவள் பிழைத்தாளா இல்லையா என்று எங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை, கேட்கக் கூடாது என்று மட்டும் சொன்னார்கள், நாங்களும் கேட்கவில்லை. இன்றைக்கு வரை தெரியாது. பெட்டியைத் தூக்கிய அந்தக் கை மட்டும் ஞாபகம் இருக்கிறது, மணிக்கட்டில் கயிறு சுற்றியதுபோல நரம்பு. சலோமியைப்போல எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் இங்கே, பசியோடு, ரெண்டாம் தடவை வாங்கிச் சாப்பிடலாம் என்ற நினைப்போடு.

ஐயர் ஜெபத்தில் மழைக்கு வந்துவிட்டார். புது ஐயர், நீட்டி ஜெபிக்கிறவர், போன மாதம் வந்ததிலிருந்தே சனம் முணுமுணுக்கிறது, எனக்கும் கால் வலிக்கும். இன்றைக்கு மட்டும் நீட்டட்டும், அரசாங்கத்துக்காக ஜெபிக்கட்டும், பக்கத்து மாநிலங்களுக்காகவும் ஜெபிக்கட்டும். மழைக்குப் பிறகு பரீட்சை எழுதுகிற பிள்ளைகள், வேலை தேடுகிறவர்கள், அரபு நாட்டில் இருக்கிறவர்கள், வியாதியஸ்தர், விதவைகள், அப்புறம் அரிசியும் பருப்பும் காணிக்கை கொடுத்த குடும்பங்கள், கடைசியில் இந்த ஆகாரம். ஆகாரத்துக்கு வந்துவிட்டால் முடிந்தது. அதற்குள் சொல்ல வேண்டும். என்ன சொல்வது? ஐயா, ஜெபத்தை நிறுத்துங்க என்றா? எங்கள் ஊரில் ஜெபத்தின் நடுவில் ஒரு பொம்பளை குரல் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை, பிசாசு பிடித்தவள் தவிர. சொன்னால் முதலில் எப்படித் தெரியும் என்பார்கள். ருசி பார்த்தேன் என்றால், ஜெபத்துக்கு முன்னாலா என்பார்கள். பிறகு யார் பொறுப்பு என்பார்கள். நான் அருமைநாயகம் என்று அவரைக் காட்டுவேன், அவர் தபித்தாள் என்று என்னைக் காட்டுவார், தெற்குத் தெரு எழுந்திருக்கும், வடக்குத் தெரு எழுந்திருக்கும், வெளியூர்ச் சனம் இலைக்கு முன்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். திரும்பவும் போலீஸ். தபித்தாள் அசனத்தைக் கெடுத்தாள் என்று என் பேரன் காலம் வரைக்கும் சொல்வார்கள். ஒருவேளை ஒன்றுமே இல்லை என்றால்? அத்தனை சாம்பாரையும் மணலில் கவிழ்த்த பிறகு ஒரு நாயாவது அதை நக்கிவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு போனால்? என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன். அதோடு இன்னொன்றும் இருக்கிறது, சொல்லவே நாக்குக் கூசுகிறது. இது ஜெபம் பண்ணின சாப்பாடு. அசனச் சோறு சாப்பிட்டுத் தீராத வயிற்றுவலி தீர்ந்தது, மலடிக்குப் பிள்ளை உண்டானது என்று சாட்சி சொன்ன சனம் இது. கொஞ்சம் சோற்றை முந்தியில் முடிந்துகொண்டு போய் படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு ஊட்டுகிற சனம். இதைச் சாப்பிட்டால் வாந்தி வரும் என்று நான் சொன்னால் எனக்கு விசுவாசம் இல்லை என்றாகிவிடும். எனக்கு விசுவாசம் இருக்கிறதா? இருந்தால் நானும் கண்ணை மூடிக்கொண்டு, ஆண்டவரே இதைச் சுத்தமாக்கும் என்று விட்டுவிடலாமே. விட்டுவிட முடியவில்லை. போர்டிங்கிலும் ஜெபம் பண்ணித்தான் சாப்பிட்டோம். எல்லாரும் சேர்ந்து, சத்தமாக, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. பரீட்சைப் பிள்ளைகள் முடிந்துவிட்டார்கள், அரபு நாடு வந்துவிட்டது.

பெர்சி. அய்யோ, பெர்சி. என் மகள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், ஏழாம் மாசம், சம்மணம் போட முடியாமல் ஒரு காலை நீட்டிக்கொண்டு. திருப்பூரிலிருந்து நேற்றுத்தான் வந்தாள், அசனச் சோறு ஒரு வாய் சாப்பிட்டால் போதும்மா, பிரசவம் லேசாகும் என்றாள். நான்தான் முன்னால் போய் உட்காரு, முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டுப் படு என்று இடம் பிடித்துக் கொடுத்தேன். இவ்வளவு நேரம் அவள் ஞாபகம் எனக்கு வராமல் எங்கே போயிருந்தது? வராமல் இல்லை. சிவப்பைப் பார்த்த நொடியிலேயே வந்துவிட்டது, நான்தான் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஊரைப் பற்றி யோசிக்கிற மாதிரி நின்றேன். என் கால் ஏற்கெனவே நடக்கிறது. மணலில் சத்தம் வராது, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்த தலைகளுக்குப் பின்னால், பூ வைத்த கொண்டைகளும் வைக்காத கொண்டைகளுமாக, தேங்காய் எண்ணெய் வாசனை, வியர்வை, சோற்று ஆவி. ஒரு கைக்குழந்தை மட்டும் என்னைப் பார்த்தது, அதற்கு ஜெபமும் தெரியாது ஒன்றும் தெரியாது. பெர்சியின் தோளைத் தொட்டேன், திடுக்கிட்டாள். காதில், எந்திச்சு வா, பேசாதே என்றேன். என்னம்மா என்று உதட்டை அசைத்தாள். வா என்றேன். பிள்ளை எதிர்த்துப் பேசாமல் கையை ஊன்றி எழுந்தாள், அவளைக் கோயில் பக்கவாட்டு வாசல் வரைக்கும் நடத்திக்கொண்டுபோய் நிழலில் உட்காரவைத்தேன். எதையும் வாயில் வைக்காதே, யார் கொடுத்தாலும் வைக்காதே. ஏன் என்று கேட்கிற முகம். அப்புறம் சொல்லுதேன் என்று திரும்பிவிட்டேன். நெஞ்சு லேசாகிவிட்டது. அந்த லேசுதான் என்னைப் பயமுறுத்துகிறது. இனி என்ன ஆனாலும் ஆகட்டும் என்று உடம்பு சொல்கிறது, கடையில் சாமான் வாங்கி முடித்தவள் மாதிரி நிற்கிறேன். பெர்சியின் இலை அங்கே சோற்றோடு தனியாகக் கிடக்கிறது. அதற்குப் பக்கத்தில் வயலட், என் பக்கத்து வீட்டுக்காரி, பெர்சிக்கு வளைகாப்புக்கு வளையல் வாங்கிக் கொடுத்தவள், ரெண்டு பிள்ளைகளை ரெண்டு பக்கமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பெர்சி எழுந்தபோது அவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, பிள்ளைத்தாய்ச்சிக்கு ஏதோ அவஸ்தை என்று நினைத்து, மறுபடி மூடிக்கொண்டாள். என்னை நம்பி மூடிக்கொண்டாள். அவளையும் தொட்டிருக்கலாம், கை எட்டுகிற தூரத்தில்தான் இருந்தாள். அவளை எழுப்பினால் அவளுக்குப் பக்கத்தில் இருக்கிறவள், அவளுக்குப் பக்கத்தில், பிறகு எங்கே நிறுத்துவது. அதனால் என் பிள்ளையோடு நிறுத்திக்கொண்டேன்.

விதவைகளுக்கு வந்துவிட்டார். எனக்காகவும்தான், ஐயா, நன்றாக ஜெபியுங்கள். எதிர்ப்பக்கம், ஆம்பளைகள் வரிசையில், ஏதோ அசைந்தது. அருமைநாயகம் அண்ணாச்சி. அவரும் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறார். கிடாரத்தைப் பார்க்கிறார். நான் பார்த்த இடத்தையேதான் பார்க்கிறார், விளிம்புக்குக் கீழே, அந்தக் கோட்டை. அவருக்கு இப்போதுதான் தெரிகிறதா, இல்லை முன்னாலேயே தெரிந்து என்னைப்போல நின்றுகொண்டிருந்தாரா, இல்லை நான் பெர்சியை எழுப்பியதைப் பார்த்துத்தான் கிடாரத்தைப் பார்த்தாரா. சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் ஆம்பளை, கமிட்டியில் இருக்கிறவர், குரல் இருக்கிறது, சொல்லட்டும், சொன்னால் நானும் ஆமாம் என்பேன். அவர் குனிந்தார். வரிசை ஓரத்தில் அவருடைய பேத்தி உட்கார்ந்திருந்தது, சிவப்பு கவுன் போட்ட குட்டி, சோற்றில் விரலால் வீடு கட்டிக்கொண்டிருந்தது. அதைக் கக்கத்தில் கைகொடுத்து அப்படியே தூக்கினார், இலைக்கு மேலே, சத்தமில்லாமல், தோளில் சாய்த்துக்கொண்டு நிமிர்ந்தார். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எத்தனை காலமாகப் பனைமரத்தைப் பார்த்தவர்கள், இந்த நிமிஷம் கண்ணுக்குக் கண் பார்த்துக்கொள்கிறோம். அத்தனை பேரும் கண்ணை மூடியிருக்க, நாங்கள் ரெண்டு பேர் மட்டும், நடுவில் வரிசை வரிசையாகக் குனிந்த தலைகள். எனக்கு அவரைக் கண்டு வந்த பயம் இருக்கிறதே, சாவைக் கண்டுகூட அப்படி வந்திருக்காது. என்னைப்போலவே ஒரு ஆள். நீங்க சொல்லுங்க அண்ணாச்சி என்று தலையை அசைத்தேனா, அசைக்க நினைத்தேனா, தெரியவில்லை. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு பேத்தியின் முதுகைத் தட்டிக்கொடுத்தார், தூங்காத பிள்ளையைத் தூங்க வைக்கிற மாதிரி. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டார்! ஜெபம் செய்கிறாராம். எனக்குக் கோபம் வந்தது, நீர் மனுஷனா என்று கத்த வேண்டும்போல இருந்தது, கோபத்துக்கு நடுவிலேயே நான் யார் என்பதும் தெரிந்தது. ரெண்டு பேரைப் போட்டார்கள். ரெண்டு பேரும் அவரவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டோம். ஒருத்தரை மட்டும் போட்டிருந்தால் அந்த ஒருத்தர் சாகிற பயத்திலாவது நேற்றே உள்ளே எட்டிப் பார்த்திருப்பார், இன்றைக்கு வாயைத் திறந்திருப்பார். ரெண்டு பேர் என்றால் பயமும் பாதிதான் வருகிறது, மீதிப் பாதியை மற்ற ஆள் படுவார் என்று விட்டுவிடுகிறோம். அரிசி கொடுத்த குடும்பங்களை ஸ்தோத்திரத்தோடு நினைவுகூருகிறோம் என்கிறார் ஐயர். அப்புறம் ஆகாரம்தான். வாளிக்காரர்கள் கால் மாற்றி நிற்கிறார்கள், பழகியவர்கள், ஜெபம் முடியப்போகிற வாடை அவர்களுக்குத் தெரியும். நாக்கில் அந்தக் கசப்பு இன்னும் இருக்கிறது. இப்போது சொல்கிறேன். இந்த வாக்கியம் முடியட்டும். அடுத்த வாக்கியம். இந்த ஆகாரத்தை எங்கள் சரீரத்துக்கு ஆரோக்கியமாக என்று சொல்லிவிட்டார். சொல், தபித்தா, சொல்.

பிதாவே என்று ஐயர் முடித்தார், சனம் முழுக்க ஆமென் என்றது, என் வாயும் ஆமென் என்றது. பழக்கம். சின்னப் பிள்ளையிலிருந்து சொன்ன வாய், நான் கேட்காமலேயே சொல்லிவிட்டது, கேட்டபோது என் குரல்தான். வாளிகள் சாய்ந்தன. முதல் வரிசையில் ஒருத்தன் கரண்டியை விட்டுக் கலக்கினான், வயலட் தன் சின்னவனுடைய சோற்றில் குழி பறித்துக்கொடுத்தாள், சாம்பார் ஓடாமல் நிற்பதற்கு. அந்தக் குழியைப் பார்த்ததும் எனக்குள் எதுவோ அறுந்துபோயிற்று. "ஊத்தாதிய" என்றேன். குரல் எழும்பவில்லை. இன்னும் ஒரு தடவை, இந்தத் தடவை கத்தினேன். "ஊத்தாதிய, யாரும் ஊத்தாதிய. கெடாரத்துக்கு ஈயம் பூசல. புளி கொதிச்சுக் களிம்பு எறங்கியிருக்கு. நான் வாயில வச்சுப் பாத்தேன். எம் பொறுப்பு, நான்தான் பாக்கல." பந்தல் அப்படியே நின்றது. வாளிக்காரர்கள் ஐயரைப் பார்த்தார்கள், ஐயர் கமிட்டிக்காரர்களைப் பார்த்தார். அப்புறம் சத்தம் கிளம்பியது. இந்த வருஷம் கமிட்டி தெற்குத் தெரு கையிலாம், அதனால் வடக்குத் தெரு கெடுக்கப் பார்க்கிறதாம். ஜெபத்துக்கு முன்னால் வாயில் வைத்தவள் பேச்சையா கேட்பது என்றார் ஒருத்தர். ஜெபம் பண்ணின சாப்பாடு ஒன்றும் செய்யாது, நீ ஊற்றப்பா என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, அங்கே ஒரு வாளி மறுபடி சாய்ந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன், என்ன சொன்னேன் என்று தெரியவில்லை, அழுதேன் என்று நினைக்கிறேன். அப்போதுதான் வயலட் பேசினாள். சத்தமாகக்கூடப் பேசவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "அப்பொ பெர்சிய மட்டும் எதுக்கு எழுப்புனிய?" என்றாள். "நான் பக்கத்துலதான இருந்தேன் தபித்தாக்கா. கண்ணத் தொறந்து பாத்தேனே. எங்கள எதுக்கு எழுப்பல?" அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியிருந்தது, பெர்சியும் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். இருந்த ஒரே பதிலைச் சொன்னேன். "பயந்துட்டேன் வயலட். எம் புள்ள தப்பிச்சாப் போதும்னு நெனச்சுட்டேன்." எதிர்ப்பக்கம் அருமைநாயகம் அண்ணாச்சி ரெண்டடி முன்னால் வந்தார், பேத்தி இன்னும் அவர் தோளில்தான் இருந்தது. என்னைப் பார்க்கவில்லை, அவர் தெருக்காரர்களைப் பார்த்தார். "அவ சொல்லுதது நெசம்" என்றார். "ஈயம் பூசல. எனக்கும் தெரியும். நானும் எம் பேத்தியத்தான் தூக்குனேன்." பின்வரிசையில் சாய்ந்த வாளி நிமிர்ந்தது. ஒருத்தர் வாளியை மணலில் வைத்தார், பிறகு ஒவ்வொருத்தராக வைத்தார்கள். தாய்மார்கள் பிள்ளைகளின் கையை இலையிலிருந்து எடுத்து முந்தியால் துடைத்தார்கள், சிலர் எழுந்தார்கள், ஐயர் அடுப்புப் பக்கம் போனார். வயலட் மட்டும் எழுந்திருக்கவில்லை. சின்னவனின் சோற்றுக் குழிக்கு மேல் கையை வைத்து மூடிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.